தேர்வரே, மேலே பார்க்காதீர்கள்

எங்கள் அலுவலகக் கட்டடத்துக்கு எட்டு மாடி, லிப்ட் ஒன்றே ஒன்று. முதலில் லிப்டை நிறுத்திவிட்டு, பிறகு அதைச் சுற்றித்தான் கட்டடத்தை எழுப்பினார்கள் என்பது என் கட்சி. அவ்வளவு பழசு. இரும்புக் கிராதிக் கதவு, முன்னும் பின்னும் தள்ளுகிற பித்தளைக் கைப்பிடி, கதவின் தலைக்கு மேலே மாடிக்கு ஒன்றாக எட்டுக் குட்டி விளக்குகள். மாடி வந்தால் விளக்கு எரியும். ஆனால் லிப்ட் தானாக நிற்காது. விளக்கு எரிந்த அந்த நொடியில் கைப்பிடியை விட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் இரண்டு மாடிக்கு நடுவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதனால் இதை ஓட்டுவதற்கென்று ஓர் ஆள் உண்டு. இருபத்திரண்டு வருடமாக அந்த ஆள் எங்கள் லிப்ட்காரர்.

அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் மாடி எண்தான். நான் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா, நான்காம் மாடி, ஆகவே "நாலு சார்". பல் டாக்டர் "ஆறு டாக்டர்". எட்டாம் மாடி மேலாளர் எரிந்து விழுகிற மனிதர். அவரையும் முகத்துக்கு நேரே "வாங்க எட்டு சார்" என்பார். ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும், காரணத்தைப் பிறகுதான் தேடுவேன். அப்புறம் பழகிவிட்டது. இப்போது வீட்டில் யாராவது என் சொந்தப் பெயரைச் சொன்னால்தான் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தோன்றுகிறது.

லிப்ட்காரர் படிப்பாளி. உட்காரும் முக்காலிக்கு அடியில் எப்போதும் ஒரு பாடப்புத்தகம் இருக்கும். ஆள் ஏறாத நேரத்தில் எடுப்பார், மணி அடித்தால் வைப்பார். அவர் கணக்கில் ஒரு பத்தி நாலு மாடி, ஒரு பக்கம் இரண்டு ட்ரிப். வரலாறு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். காலையில் கிராதியைச் சாத்தும்போது ஒரு போரைத் தொடங்குவார். இரண்டாம் மாடியில் படைகள் திரளும், மூன்றில் முற்றுகை, நான்கில் நான் இறங்கிவிடுவேன். அதனால் எனக்கு எல்லாப் போரும் பாதிதான் தெரியும். யார் ஜெயித்தார்கள் என்பது எட்டாம் மாடி மேலாளருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

இப்படிப்பட்ட ஆள் பி.ஏ. என்று நாங்கள் எல்லோரும் நம்பியதில் என்ன தப்பு?

ஒருநாள் காலையில் அவர் என்னை நான்காம் மாடியைத் தாண்டி ஐந்துக்குக் கொண்டுபோய்விட்டார். இருபத்திரண்டு வருடத்தில் நடக்காதது. நான் குதித்தேன். "யோவ், தூங்கறியா?" என்றுகூடக் கத்திவிட்டேன். அவர் லிப்டை ஐந்துக்கும் நாலுக்கும் நடுவில் நிறுத்தினார். முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, "பொண்ணு என்கூடப் பேசமாட்டேங்குது, நாலு சார்" என்றார். எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

விஷயம் இதுதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அவருடைய மகள் மேற்படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். அதில் ஒரு கட்டம்: தந்தையின் கல்வித் தகுதி. "பி.ஏ. தானேப்பா? எந்த வருஷம் முடிச்சீங்க?" என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். இவர் வருடத்தைச் சொல்லியிருக்கலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் மகள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. "இன்னும் முடிக்கலம்மா" என்றிருக்கிறார். "ஒரு பேப்பர் அரியர்."

தபால் வழியில் படித்தவர் அவர். மற்ற எல்லாத் தாளையும் மளமளவென்று முடித்துவிட்டார். எந்த மகானுபாவரோ வரலாற்றுப் படிப்புக்குள் புள்ளியியல் என்று ஒரு தாளைச் சொருகிவைத்திருந்தார், அது மட்டும் காலை வாரிவிட்டது. முதல் தடவை தேர்வுக் கூடத்தில் உட்கார்ந்ததும் படித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஏறி இறங்கியபடியே படித்தவருக்குப் பெஞ்சு நகராமல் இருந்தது பெரிய இடைஞ்சல். இரண்டாம் தடவை, தேர்வு முடிந்து இரண்டு நாள் கழித்து ஹால் டிக்கெட் வந்தது. மூன்றாம் தடவை முப்பத்தேழு மார்க். தேற நாற்பது வேண்டும். அதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. "மாப்பிள்ளை பி.ஏ., ஒரு பேப்பர் மட்டும் பாக்கி" என்று இவர் தரகரிடம் ஒளிக்காமல்தான் சொன்னார். தரகர் பெண் வீட்டில் "மாப்பிள்ளை பி.ஏ." என்று கணீரென்று சொல்லிவிட்டு, மிச்சத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் பலமாக இருமிவிட்டார்.

கல்யாணமான முதல் வாரத்திலேயே மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் யோசித்துப் பார்த்து, "என்கிட்ட சொல்லிட்டீங்கல்ல, போதும். எங்க அக்கா வீட்டுக்காரர் காதுல மட்டும் விழ வேண்டாம்" என்றாராம்.

அக்கா வீட்டுக்காரர் என்றால் லிப்ட்காரருக்குச் சகலை. உலகத்தில் எந்தச் சகலையும் இன்னொரு சகலையை நிம்மதியாக இருக்க விட்டதில்லை. இவர் ஒரு படி மேல். நிஜக் கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்தவர், விடுதியில் தங்கியவர். அதற்குச் சாட்சியாகக் கூடத்தில் வகுப்புப் புகைப்படம் ஒன்றை மாட்டிவைத்திருக்கிறார். அதில் கடைசி வரிசையில் இவருடைய ஒரு காதும் கொஞ்சம் நெற்றியும் தெரியும். விசேஷம் எதுவானாலும் லிப்ட்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீங்க தபால்ல படிச்சீங்க, நான் நேர்ல படிச்சேன். ரெண்டும் படிப்புதான், ஆனா பாருங்க..." என்று இழுப்பார். அந்த ஆனாவுக்கு அப்புறம் எதுவும் வராது. முழு டிகிரி என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே இந்த மரியாதை. பாதி டிகிரி என்று தெரிந்தால்?

"பன்னெண்டு வருஷமா ஸ்கூல் பாரம் எல்லாத்துலயும் பி.ஏ.ன்னுதானே எழுதினேன்? நீங்க பாத்துட்டுதானே கையெழுத்துப் போட்டீங்க?" என்று மகள் கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்வி. அதற்கப்புறம் நாலு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் ஒரு காகிதத்தை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு. அரியர் வைத்திருக்கும் பழைய மாணவர்களுக்குக் கடைசிச் சிறப்பு வாய்ப்பு, இனி ஒருபோதும் கிடையாது, வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம். கீழே மகள் பேனாவால் எழுதியிருந்தாள்: "இதுல பாஸ் ஆனா பி.ஏ.ன்னு எழுதுவேன். இல்லேன்னா பன்னிரண்டாம் வகுப்புன்னு எழுதுவேன். அதுவரைக்கும் அந்தக் கட்டம் காலி."

அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் காட்டினார். நான் லிப்ட் கூரையைப் பார்த்துக்கொண்டேன். வீட்டில் சும்மா கிடக்கும் என் மடிக்கணினியைத் தருகிறேன் என்று என் வாய் சொல்லிவிட்டது. இப்படித்தான் நான் இதில் மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. படுக்கையறையில் மேசை போட்டு எல்லாம் தயாராக இருந்தது. தேர்வுக்கு முன்னால் ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்கலாம். எழுதுகிறவரைக் கேமரா வழியாகக் கணினியே கண்காணிக்கும். வேறு பக்கம் பார்த்தாலோ, பேசினாலோ, சத்தம் கேட்டாலோ எச்சரிக்கும். மூன்று எச்சரிக்கை வரை பொறுக்கும், நாலாவதில் தேர்வை மூடிவிடும்.

லிப்ட்காரர் உட்கார்ந்தார். கணினியிலிருந்து இனிமையான ஒரு பெண்குரல், "தேர்வரே, வணக்கம். தொடங்கலாமா?" என்றது.

"சரிங்கம்மா."

"தேர்வரே, பேசாதீர்கள்."

"மன்னிச்சுக்குங்கம்மா, தெரியாம..."

"தேர்வரே, பேசாதீர்கள்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். முதல் கேள்வியைப் படித்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கண் சர்ரென்று மேலே போய், சுவரும் கூரையும் சேருமிடத்தைப் பார்த்துவிட்டு இறங்கியது.

"தேர்வரே, மேலே பார்க்காதீர்கள்."

மறுபடி ஒரு வரி படித்தார். மறுபடி கண் மேலே போனது. தேர்வு மூடிக்கொண்டது. மொத்தம் ஒரு நிமிடம் நாற்பது விநாடி.

"அங்க என்னப்பா பாக்கறீங்க?" என்று மகள் கேட்டாள். கோபத்தில் பேச மறந்திருந்தவள் இப்போது கோபத்தை மறந்து பேசினாள்.

"நான் எங்கம்மா பாத்தேன்?" என்றார் அவர். பொய் இல்லை, அவருக்குத் தெரியவே தெரியாது. எனக்குத்தான் சட்டென்று விளங்கியது. விளக்கு! மாடி விளக்கு. ஏழெட்டு விநாடிக்கு ஒருமுறை தலைக்கு மேலே இருக்கும் விளக்கைப் பார்த்துப் பார்த்து அந்தக் கண்ணுக்கு அதுவே வேலையாகிவிட்டது. மனிதர் பத்திரிகை படித்தாலும், சாப்பிட்டாலும், யாராவது கஷ்டத்தைச் சொல்லி அழுதாலும், நடுவில் ஒருமுறை மேலே பார்த்துக்கொள்வார். எதிரில் இருப்பவர்கள் ஆண்டவனை நினைக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்த இரண்டு வாரம் அந்த வீட்டில் நடந்த கூத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அவர் மனைவி ஒரு தொப்பியைக் கொண்டுவந்து புருவம் வரை இழுத்துவிட்டார். "தேர்வரே, உங்கள் முகம் தெரியவில்லை" என்றது குரல். நான் என் பங்குக்கு, கண் மேலே போகும்போதெல்லாம் முழங்காலில் ஸ்கேலால் தட்டிப் பழக்கலாம் என்றேன். தட்டினேன். மூன்றாம் நாளிலிருந்து அவர் மேலே பார்ப்பதற்கு முன்னால் முழங்காலை நகர்த்தக் கற்றுக்கொண்டார். மற்றபடி முன்னேற்றம் இல்லை. அந்தக் குரலுக்கு வீட்டில் "அந்தம்மா" என்று பெயரே வந்துவிட்டது. "அந்தம்மா இன்னிக்கு என்ன சொன்னாங்க?" என்று பக்கத்து வீட்டில் கேட்கிற அளவுக்குப் போயிற்று.

வழி கண்டுபிடித்தவள் மகள்தான். "அப்பா கண்ண ஏன் கீழ இழுக்கறீங்க? பேசாம லேப்டாப்ப மேல வெச்சுட்டா?"

நானும் அவள் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மடிக்கணினியை இரும்புப் பீரோவின் உச்சியில் வைத்து, முன்பக்கம் கீழே சாய்கிற மாதிரி பின்னால் இரண்டு தடித்த அகராதிகளை முட்டுக்கொடுத்தோம். எழுத்தைப் பெரிதாக்கினோம். மடியில் ஒரு பலகை, அதன்மேல் கம்பியில்லா மவுஸ். நாலு விடைகளில் ஒன்றை அழுத்தும் கேள்விகள்தான் என்பதால் அது போதும். லிப்ட்காரர் நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கத்துக்குக் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது. மாதிரித் தேர்வு முழுக்க முடிந்தது. அந்தம்மா வாயைத் திறக்கவில்லை. கழுத்துதான் பிடித்துக்கொண்டது. ஆறு டாக்டரிடம் கேட்டதற்கு, பல்லைத் தவிர வேறு எதையும் தான் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டாராம்.

தேர்வு நாள். காலை பத்து மணி. ஐம்பது கேள்வி, தொண்ணூறு நிமிடம். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. அவர் மனைவியும் மகளும் நானும் சமையலறைக்குள் ஒண்டிக்கொண்டோம். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் சின்ன ஜன்னல் ஒன்று பக்கவாட்டில் உண்டு. அதன் வழியாக அவருடைய தாடையும் மவுஸ் பிடித்த கையும் தெரிந்தன. பீரோவின் மேல் இருந்த திரையில் கேள்வியின் எண் மட்டும் கோணலாகத் தெரிந்தது.

"தேர்வரே, வணக்கம். தொடங்கலாமா?"

"சரிங்கம்மா" என்றார் அவர். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். ஒரு எச்சரிக்கை போயிற்று.

ஆனால் அதன்பிறகு நன்றாகவே போனது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு கேள்வியையும் படித்து, யோசித்து, விடையை அழுத்தி, அடுத்ததுக்குப் போனார். ஆறு, ஏழு, எட்டு. எனக்கு நெஞ்சு நிறைந்தது. அப்புறம் ஏழு.

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். ஏழுதான். பிறகு ஆறு. பிறகு ஐந்து. சரி, விடையைச் சரிபார்க்கிறார் என்று நினைத்தேன். ஒன்று வரைக்கும் இறங்கினார். மறுபடி இரண்டு, மூன்று என்று ஏறினார். எட்டு வந்ததும் கை தயங்கியது. பிறகு "முந்தைய கேள்வி" என்ற பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். ஏழு.

"அப்பா எட்டுக்கு மேல போகமாட்டேங்கறாரு" என்று மகள் கிசுகிசுத்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"எங்கிருந்து போவாரு? இத்தன வருஷத்துல போயிருக்காரா?" என்றார் அவள் அம்மா.

அரைமணி நேரம் போய்விட்டது. அந்த மனிதர் எட்டுக் கேள்விக்குள்ளேயே ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். முகத்தில் அப்படி ஒரு அமைதி. வேலையில் இருக்கிறபோது இருக்குமே, அந்த முகம். தேர்வு எழுதுகிறோம் என்பதே மறந்திருக்க வேண்டும். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஜன்னலருகே போய் விரலால் "மேலே" என்று காட்டலாமா என்று கேட்டேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் சார். நாம எது சொன்னாலும் அது காப்பி. அப்புறம் அந்த பி.ஏ.வும் பொய்யாயிடும்." பதினேழு வயது. நான் அந்த வயதில் கட்டை விரல் நகத்தில் சூத்திரம் எழுதிக்கொண்டு போனவன். வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசல் அழைப்பு மணி அடித்தது. ட்ரிங், ட்ரிங்.

மூன்று பேரும் உறைந்துபோனோம். "தேர்வரே, சத்தம் கேட்கிறது" என்றது அந்தம்மா. இரண்டாவது எச்சரிக்கை. ஆனால் உள்ளே வேறொன்று நடந்தது. மணி சத்தம் கேட்டதும் லிப்ட்காரரின் முதுகு நிமிர்ந்தது. எங்கள் கட்டடத்தில் லிப்டைக் கூப்பிட மணிதான். ஒரு தடவை அடித்தால் கீழே போக வேண்டியவர், இரண்டு தடவை அடித்தால் மேலே போக வேண்டியவர், மூன்று தடவை அடித்தால் கதவு சாத்தவில்லை, இருந்த இடத்தில் நிறுத்து. அவர் விரல் யோசிக்கவே இல்லை. எட்டிலிருந்து ஒன்பது. ஒன்பதைப் பார்த்ததும் மனிதர் திடுக்கிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். மாடியில்லாத இடத்துக்கு வந்துவிட்ட பயம் அவர் தாடையில் தெரிந்தது. பிறகு நேரத்தைப் பார்த்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று பறக்க ஆரம்பித்தார்.

நான் வாசலுக்கு ஓடினேன். சகலை நின்றிருந்தார். கதவைத் திறக்க நேரமானதால் மூன்றாவது தடவையாக அழுத்த விரலை நீட்டியிருந்தார். அது மட்டும் அடித்திருந்தால் உள்ளே இருப்பவர் பன்னிரண்டாம் கேள்வியிலேயே நின்றுபோயிருப்பார். நான் பாய்ந்து அவர் விரலைப் பிடித்தேன். அதுவரை நாங்கள் சந்தித்ததில்லை. யாரோ ஒருவன் தன் ஆள்காட்டி விரலை இறுகப் பிடித்துக்கொண்டு உதட்டில் கைவைத்து உஸ் என்பதை அவர் ரசிக்கவில்லை.

"யாருய்யா நீ?" என்று சத்தம் போட்டார்.

"தேர்வரே, சத்தம் கேட்கிறது." மூன்றாவது எச்சரிக்கை. இனி ஒரு தும்மல் வந்தால்கூட எல்லாம் முடிந்தது.

அவரை விரலோடு இழுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். அங்கே நின்று உண்மையைச் சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை. சொன்னதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன். "அப்போ பி.ஏ.வே இல்லையா?" என்று மூன்று விதமாகக் கேட்டார். "இப்ப வீட்ல உக்காந்து, பீரோவப் பாத்து பரீட்சையா? இதுக்குப் பேரு தொலைநிலைக் கல்வியா? தொலைஞ்ச நிலைதான் போங்க. நாளைக்குக் கட்டில்ல படுத்துக்கிட்டே டாக்டராயிடுவானுங்க. காலேஜுன்னா நேர்ல போவணும், பெஞ்சுல உக்காரணும், வாத்தியார் மூஞ்சியப் பாக்கணும். இதெல்லாம் ஒரு படிப்பா சார்?"

நேரில் போய்ப் படித்தவன்தான் நானும். மூன்று வருடம் கடைசி பெஞ்சில் தூங்கினேன். என் வாத்தியார் முகம் எப்படி இருக்கும் என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது. இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் விரலை விட்டுவிடக் கூடாது என்கிற கவனத்தில் சொல்லாமல் விட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. நூற்றுக்கு ஐம்பத்தெட்டு மார்க். தேர்ச்சி. முதல் எட்டுக் கேள்வியும் சரி. சரியாக இல்லாமல் எப்படி இருக்கும், நான் எண்ணியவரை ஒவ்வொன்றையும் ஐந்து தடவை பார்த்திருக்கிறார். அன்றைக்கு லிப்டில் ஏறிய ஒவ்வொருவரும் கைகுலுக்கினார்கள். கைகுலுக்கிய கையோடு, "ரெகுலரா, கரஸ்ஸா?" என்றும் கேட்டார்கள். கரஸ், அதாவது தபால்வழி, என்றதும் "ஓ" என்றார்கள். நீளமான ஓ. எட்டாம் மாடி மேலாளரின் ஓ இரண்டு மாடி நீளம் இருந்தது. லிப்ட்காரர் அசரவில்லை. "தூரமா இருந்து படிச்சா என்ன சார், பக்கத்துல இருந்து படிச்சா என்ன? பாடம் எங்கிருந்து வந்தாலும் மண்டைக்குள்ளதானே இறங்கணும்?" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். சகலைக்குத் தானே போன் செய்து மார்க்கைச் சொன்னார். இருபது வருடமாக அவர் அடிவயிற்றில் கிடந்த கல் அன்று இறங்கியது. அதை நான் கண்ணால் பார்த்தேன். மனிதர் அன்று கிராதியைச் சாத்துகிற சத்தமே வேறாக இருந்தது.

சாயங்காலம் என்னையும் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். மகள் விண்ணப்பத்தோடு காத்திருந்தாள். அந்தக் காலிக் கட்டத்தில் அவர் கண்முன்னாலேயே, நிதானமாக, பி.ஏ. என்று எழுதினாள். "கையெழுத்துப் போடுங்கப்பா" என்றாள். அவர் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எத்தனையோ பாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர், இதை முதல் வரியிலிருந்து படித்துவிட்டுத்தான் போடுவேன் என்று உட்கார்ந்தார்.

முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? தொலைநிலைக் கல்வி இயக்ககம்னு போட்டிருக்கு?"

"ஆமாம்ப்பா. வானிலைப் படிப்பு. இங்க எந்தக் காலேஜ்லயும் கிடையாது. ரொம்ப தூரத்துல ஒரே ஒரு இடத்துல இருக்கு, அவங்க வீட்லேந்தே படிக்க விடறாங்க. நான் முதல்லேந்தே இதத்தான் எழுதிக்கிட்டிருந்தேன். நீங்க கேக்கவே இல்லையே."

லிப்ட்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "தபால்லயா?" என்றார். "வீட்ல உக்காந்தா? ஏம்மா, நேர்ல போயி, பெஞ்சுல உக்காந்து, வாத்தியாரப் பாத்துப் படிக்கறத விட்டுட்டு... இதெல்லாம் ஒரு படிப்பா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

தான் சொன்னது அவர் காதிலேயே அப்போதுதான் விழுந்திருக்க வேண்டும். வாய் திறந்தபடி நின்றுவிட்டது. காலையிலிருந்து அத்தனை பேருடைய ஓவையும் நிமிர்ந்து நின்று வாங்கியவர், சகலையின் வசனத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் பெற்ற மகளிடம் சொல்லிவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இந்தத் தடவை காரணமும் கூடவே வந்தது.

"நாலு பேர் எதுக்குப்பா?" என்றாள் மகள். அவள் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "நாலு சார் இங்கதானே இருக்காரு. அவரக் கேளுங்க."

என்னைப் பார்த்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "நான் நேர்ல போய்ப் படிச்சவன்" என்றேன். "எனக்கு இன்னிக்கு வரைக்கும் எந்தப் போர்ல யார் ஜெயிச்சாங்கன்னு தெரியாது. பாதிப் போராவது தெரியுதுன்னா அது உங்க லிப்ட்ல கத்துக்கிட்டது."

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "ஒரு பேப்பருக்காக ஒன்றரை மணி நேரம் கழுத்து ஒடிய அண்ணாந்து பாத்துட்டு உக்காந்திருந்தீங்களேப்பா. காலேஜ்ல யாரும் அப்படி உக்காந்து நான் கேள்விப்படல. அதப் பாத்ததுக்கு அப்புறம்தான், நம்மளாலயும் முடியும்னு எனக்கு தைரியமே வந்துச்சு" என்றாள்.

அவர் மூக்கை உறிஞ்சினார். பேனாவை எடுத்தார். கையெழுத்தைப் போட்டு, மை காய்கிறவரை அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். மகளிடம் நீட்டும்போது, ரொம்பச் சின்னக் குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அரியர் வெக்கமாட்டியே?"

"உங்க பொண்ணுப்பா நான்" என்றாள் அவள். "சொல்ல முடியாது."